அந்தியில் கூப்பிடும் சொல்

கடைசிப் பசுவும் உள்ளே வந்த பிறகு பெல்லா ஃபாசெட் கொட்டில் கதவைச் சாத்தவில்லை.

அவள் வீட்டில் தங்கியிருந்த வில்ஃபிரட் ஹெஸ்லப் அதை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்கார்பெக் பள்ளத்தாக்கில் நவம்பர் மாதத்து வெயில் பேருக்குத்தான் வரும். மத்தியானம் சாப்பிட்டது செரிப்பதற்குள் மலைக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் மூடுபனி ஈரக் கம்பளி வாடையோடு கற்சுவர்களைத் தாண்டி இறங்கி வரும், எதிரே இருக்கும் கிணற்றடிகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குளிரில் மாடு கட்டியவர்கள் கதவை இழுத்து அடைத்துவிட்டு அடுப்போரம் ஓடி வருவதுதான் வழக்கம். இவளோ கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, காய்ந்த பெரணித் தழையை ஒரு கட்டு அள்ளிக்கொண்டு போய்க் கடைசிக் கட்டுத்தறியில் நிதானமாகப் பரப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தறியில் மாடே கிடையாது. அவன் வந்த அன்றே கவனித்திருந்தான். மாடு இல்லாத இடத்துக்கு தினமும் புதுப் படுக்கை எதற்கு?

கேட்கலாம் என்றால் பெல்லாவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வருவது லேசில்லை. ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், ஒண்டிக்கட்டை. நாக்கு மட்டும் நல்ல கூர்.

வில்ஃபிரட்டின் வேலையோ கேள்வி கேட்பதுதான். அவன் சொல் பொறுக்குகிறவன். விளையாட்டில்லை, அதற்கு லீட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் சம்பளமே தருகிறது. வானொலியும் பள்ளிக்கூடமும் ஒரே மாதிரி இங்கிலீஷை நாடு முழுக்கப் பூசி மெழுகிக்கொண்டிருந்த காலம் அது. பூச்சுப் படாத மூலைகளில் மிச்சமிருக்கும் பழைய சொற்களைப் பிடித்து வரவேண்டும். இந்தத் தொழிலுக்கு இரண்டு நியமங்கள் உண்டு. ஒன்று, சொல்லை நீ எடுத்துக் கொடுக்கக் கூடாது. பொருளைக் காட்டி, 'இதுக்கு என்ன பேரு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு, அவர்கள் சொன்னதும் அதே ராகத்தில், அதே இழுப்பில் திருப்பிச் சொல்லி, முகத்தைப் பார்க்க வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் சொல் கைக்கு வந்ததாகக் கணக்கு. வில்ஃபிரட்டுக்குக் காது அபாரம். ஒருமுறை கேட்டால் போதும், சொன்னவரே தன் குரலென்று திரும்பிப் பார்ப்பார். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. நேற்றும் அப்படித்தான் கேட்க ஆரம்பித்தான்.

"மாட்டுக்கும் மாட்டுக்கும் நடுவுல இருக்கிற இந்தத் தடுப்புக்கு என்ன பேரு, மிஸ் ஃபாசெட்?"

"பாஸ்கின். ஏன், உங்க லீட்ஸ்ல தடுப்பு இல்லாம மாடெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்குமோ?"

"பாஸ்கின்," என்றான் அவளைப் போலவே.

"அப்படியே எங்க அப்பா பேசுற மாதிரி இருக்கு. பயமா இருக்குய்யா உன்னப் பார்த்தா."

கூப்பிடு சொற்களுக்கு வந்தபோதுதான் அவனுக்கு உற்சாகம் தலைக்கேறியது. மாட்டைக் கூப்பிட குஷ். கன்றுக்கு சக்கி. குதிரைக்கு கோப். குஷ் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நார்வேயிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த சொல் என்று அவன் நம்பினான். ராஜாக்கள் மாறினார்கள், சாமி கும்பிடும் விதம் மாறியது, வந்தவர்களின் பாஷையே செத்துப்போயிற்று. மாட்டுக்கு இதெல்லாம் தெரியாது. வேறு சொல்லால் கூப்பிட்டால் அது வராது. அதனாலேயே அந்தச் சொல் பிழைத்துக்கொண்டது. மனிதர்கள் மறக்கலாம், கூப்பிடப்படுவது மறப்பதில்லை. இதை அவன் விளக்கியபோது பெல்லா ரொட்டியில் கொழுப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இதுக்கெல்லாம் காசு குடுக்கிறாங்களா உனக்கு?"

"வேற எதையாவது கூப்பிடுறதுண்டா, மிஸ் ஃபாசெட்?"

கத்தி நின்றது. அவன் தன் வழக்கப்படி காத்திருந்தான். அடுப்பில் கரி நொறுங்கி விழும் சத்தம் கேட்டது. அவள் நிமிரவே இல்லை.

"டீ ஆறுது, குடி," என்றாள் கடைசியில். "இன்னொண்ணு கேட்டுக்க தம்பி. இருட்டுற நேரத்துல நீ இந்த அடுப்படிய விட்டு எழுந்திருக்கக் கூடாது. இங்க தங்கணும்னா அதுதான் கட்டு."

அது நேற்று. இன்று அவள் தழையைப் பரப்பிவிட்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து மேட்டு வயலின் கேட்டை நோக்கிப் போவதைப் பார்த்தான். பசுக்கள் எல்லாம் உள்ளே. குதிரை லாயத்தில். கோழி அடைந்தாயிற்று. அவள் கேட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் முகத்தை நீட்டினாள். வாய் அசைந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை.

யாரும் இதுவரை எழுதி வைக்காத ஒரு சொல், கை நீட்டும் தூரத்தில். பசித்தவன் முன்னால் பந்தி போட்டு, கண்ணை மூடிக்கொள் என்றால் நடக்கிற காரியமா? பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, சுவரோரமாக நடந்து, கொட்டில் மூலைக்குப் பின்னால் போய் நின்றான். கல் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள்.

தாழ்ந்த குரல். இரண்டு அசை. முதலாவது மூச்சை வெளியே விட்டும் இரண்டாவது மூச்சை உள்ளே இழுத்தும். நார்வேக்காரர்களிடம் இப்படி ஒலி கிடையாது, அவர்களுக்கு முந்தியவர்களிடமும் அவன் படித்தவரை கிடையாது. வாயே இல்லாத ஏதோ ஒன்று முதலில் சொல்லி, மனிதர்கள் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டது மாதிரி இருந்தது. அவன் மேல்தோல் சிலிர்த்தது. சந்தோஷத்தால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

வாய் தன் வேலையைச் செய்தது. நினைத்துச் செய்ததில்லை, பத்து வருஷப் பழக்கம். அதே தாழ்வில், அதே இழுப்பில், மூச்சை உள்ளே வாங்கி, அச்சாக அப்படியே திருப்பிச் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான், தலையாட்டுவாள் என்று.

பெல்லா கேட்டிலிருந்து ஓடி வந்து அவன் வாயைக் கையால் பொத்தினாள். கையில் பால் வாடை. கொட்டிலுக்குள் பசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டன.

மேட்டு வயலில் ஏதோ நடந்து வந்துகொண்டிருந்தது. ஈரப் புல்லில் கால் அழுந்தி எடுபடும் சத்தம். இரண்டு கால் நடையில்லை, நான்கு கால் நடையுமில்லை. கேட்டுக்கு நேராக வந்தது. நின்றது. அப்புறம் திசை மாறியது. பெல்லா வழக்கமாக நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, சுவரோரமாக, அவனை நோக்கி. பனியில் ஒன்றும் தெரியவில்லை. பனி மட்டும் ஒரு இடத்தில் விலகிக் கொடுத்தது. பாழுங்கிணற்றுத் தண்ணீர் வாடை. அவன் கழுத்தில் ஒரு மூச்சு. குளிர்ந்த மூச்சு. பிறகு அது அவனைத் தாண்டிக் கொட்டிலுக்குள் போனது. கடைசித் தறியில் தழை நொறுங்கியது. எதுவோ பெரிதாக, அலுப்போடு, படுத்தது.

பெல்லா கதவைச் சாத்தினாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. பயத்துக்கு அடியில், அடக்கப் பார்த்தும் அடங்காமல், ஒரு நிம்மதி. அவனை நடுங்க வைத்தது அந்த நிம்மதிதான்.

அடுப்படிக்கு வந்ததும் அவனை உட்கார வைத்து, கேட்காமலே டீயில் விஸ்கி ஊற்றினாள்.

"எங்கப்பா கூப்பிட்டுக்கிட்டிருந்தாரு. அவருக்கு முன்னாடி அவரோட அத்தை. அதுக்கு முன்னாடி யாருன்னு தெரியாது. எனக்கு ஏழு வயசு. அப்பா சொல்றதக் கேட்டு விளையாட்டுக்குச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், என் பின்னால வந்துடுச்சு. அப்பா அந்தக் கேட்டுல நின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாரு. ம்ஹும். கைமாறினா மாறினதுதான். பழைய குரலுக்குத் திரும்பாது."

"இதெல்லாம்... மிஸ் ஃபாசெட், நான் படிச்சவன்."

"அதான் இவ்வளவு அழகாச் சொன்ன."

"கூப்பிடாம விட்டா?"

"தேடிக்கிட்டு வரும். நீ எங்க இருந்தாலும். வீட்டுக்குள்ள கதகதன்னு எந்த உடம்பு கெடைக்குதோ அது பக்கத்துல படுத்துக்கும்." கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒரு தடவை எனக்குக் காய்ச்சல். பொழுது சாய்ஞ்சது தெரியாமத் தூங்கிட்டேன். காலைல என் தம்பி ஆர்த்தரோட படுக்கை தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சு. உடம்புல ஒரு கீறல் இல்ல. உசுருதான் இல்ல. அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம்கூட நான் தவறவிட்டதில்ல. என்னைக் கட்டிக்கிறேன்னு ஒருத்தன் வந்தான், நல்லவன். அதை எந்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறது, சொல்லு?"

அவன் விஸ்கி டீயை ஒரே மடக்கில் குடித்தான். அவள்தான் கேட்டாள். "உன் வீட்டுல யாரு இருக்கா?"

"மேவிஸ்... என் பொண்டாட்டி. ஒரு பொண்ணு. ஹேசல். மூணு வயசு."

"பேசுவாளா?"

"வாயே மூட மாட்டா. எதைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லுவா."

பெல்லாவின் முகத்திலிருந்த நிம்மதி அணைந்துபோயிற்று. "அவ காதுல விழ விட்டுடாத, தம்பி," என்றாள். "இங்கேயே இருந்துடு. நான் வேணா எங்கேயாவது போயிடுறேன். அந்தப் பிள்ளை காதுல மட்டும் விழக் கூடாது."

விடிந்ததும் எல்லாம் வேறு மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் கொட்டில் வெறும் கொட்டில். கடைசித் தறியில் தழை கொஞ்சம் நசுங்கி, கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். தனியாக இருந்து இருந்து மூளை பிசகிய ஒருத்தி, மூடுபனி, மேய்ச்சலிலிருந்து வழிதவறி வந்த பக்கத்துப் பண்ணை மாடு. படித்தவனுக்குக் காரணங்களா கிடைக்காது? அவன் மூட்டையைக் கட்டினான். போய்வருகிறேன் என்று சொல்லக் கொட்டில் வாசலுக்குப் போனபோது பெல்லா பால் கறந்தபடி பாடிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் பாட்டை நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பஸ்ஸுக்கு நடந்தான்.

வழியில் இருட்டியது. பஸ் ஜன்னலுக்கு வெளியே வயல்கள் நீலமாகி, கறுத்து, மறைந்தன. கூப்பிட வேண்டிய நேரம் வந்து, தாண்டிப் போயிற்று. சக பயணிகள் தூங்கி வழிந்தார்கள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஒன்றும் நடக்கவில்லை. லீட்ஸில் இறங்கியபோது புகையும் வறுத்த மீன் வாடையும் டிராம் வண்டியின் கிறீச்சும் அவனை அணைத்துக்கொண்டன. அழுகை வரும்போல இருந்தது. வீட்டு வாசலில் ஹேசல் இரவுச்சட்டையோடு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"சளி பிடிச்சிருக்கு, சீக்கிரமே படுக்க வைக்கிறேன்," என்று மேவிஸ் அவளை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினாள். "ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"பஸ்ல குளிரு," என்றான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் சாக்கடையோ என்று நினைத்தான். பாழுங்கிணற்றுத் தண்ணீர். மேவிஸ் முகர்ந்து பார்த்து, "கொல்லைக் குழாய் மறுபடி அடைச்சுக்கிச்சு போல," என்று தோட்டத்துக் கோடிக்குப் போனாள். அவன் நடைவழியில் தனியாக நின்றான். வாசற்கதவு பூட்டித்தான் இருந்தது. கீழ்ப்படியில் கம்பளம் அழுந்தியது. அழுந்தின இடத்தில் ஈரம் ஊறியது. அடுத்த படி. அடுத்தது. கைப்பிடிக் கட்டை முனகியது. அவனால் அசைய முடியவில்லை, மூச்சுகூட விட முடியவில்லை. அது மாடி ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரே ஓர் அறையில்தான் கதகதப்பாக ஓர் உடம்பு இருந்தது.

கதவுப்பிடி திரும்பும் சத்தம்.

வில்ஃபிரட் கூப்பிட்டான். யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பான்? மூச்சை வெளியே விட்டு, உள்ளே வாங்கி, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. மேலே எல்லாம் நின்றது. பிறகு படிகள் ஒவ்வொன்றாகக் கீழ்நோக்கி அழுந்தின. அவன் முன்னே நடந்து அடுப்படிப் பக்கக் கதவைத் திறந்து, கரி கொட்டி வைக்கும் கொட்டகையைக் காட்டினான். கொட்டகைக்குள் கரி சரிந்தது. அலுத்துப்போன ஒரு பெருமூச்சு. அவன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான்.

மாடிக்குப் போய்ப் பார்த்தபோது கதவு ஒருக்களித்திருந்தது. ஹேசல் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தான். அப்படி நினைக்கத்தான் வேண்டியிருந்தது.

மறுநாள் முழுக்க அவன் மூளை பொறியில் மாட்டிய எலியாகச் சுற்றியது. ஸ்கார்பெக்குக்குத் திரும்பிப் போய்விடலாம். தனியாக, என்றைக்குமாக. மேவிஸிடம் என்ன சொல்வது? இன்னொரு யோசனையும் வந்தது. பல்கலைக்கழகத்தில் அவன் துறையில் வெள்ளிக்கிழமை கூட்டம். புதுச் சொல் எது வந்தாலும் அங்கே எல்லோரும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்கள். அதில் எவன் வாய்க்காவது போய் ஒட்டிக்கொள்ளட்டுமே. நினைத்ததுமே தன்மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் அந்த யோசனையை அவன் தூக்கிப்போடவில்லை, பத்திரமாக வைத்துக்கொண்டான். இன்றைக்கு ஒரு சாயங்காலத்தைத் தள்ளினால் போதும்.

"எனிட் வீட்டுக்குப் போய்ட்டு வாயேன்," என்றான் மேவிஸிடம். எனிட் அவள் அக்கா, நான்கைந்து தெரு தள்ளி வீடு. "எழுதுற வேலை இருக்கு. வீடு அமைதியா இருந்தா நல்லது."

"நேத்து வந்து இன்னிக்கே விரட்டுறியா? சரி, ராஜா உத்தரவு," என்று மேவிஸ் குழந்தைக்குத் தொப்பியை மாட்டினாள். ஹேசல் தெருமுனைவரை கையாட்டிக்கொண்டே போனாள்.

பொழுது சாய்ந்தது. புகைபோக்கிகளுக்கு மேல் வானம் அழுக்காகச் சிவந்து அணைந்தது. அவன் கொல்லையில் நின்று, கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, அக்கம்பக்கத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு, கூப்பிட்டான்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டான். எங்கோ ஒரு டிராம் மணி. யாரோ இருமினார்கள். வாடை இல்லை. காலடி இல்லை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விட்டுத் தொலைந்தது என்று மனசு துள்ளியது. பிறகு பெல்லா சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய குரலுக்குத் திரும்பாது. பெல்லாவின் அப்பா கேட்டில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

ஒருக்களித்த கதவு. மூடின கண்.

ஓடினான். கோட்டு இல்லை. தொப்பி இல்லை. ஒரு தெரு. இன்னொரு தெரு. ஈரக் கல்லில் கால் வழுக்கியது. யாரோ திட்டினார்கள். எனிட் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, தள்ளினான். அடுப்படியில் மேவிஸும் எனிட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹேசல் எங்க?"

"கொல்லைல," என்றாள் மேவிஸ். "ஏதோ பூனையக் கூப்பிட்டுக்கிட்டிருக்கா. இங்க வந்ததுலேர்ந்தே அதே சத்தம்தான், எங்க பிடிச்சாளோ. என்ன வில்ஃப், என்ன ஆச்சு?"

கதவைத் திறந்தான்.

பாழுங்கிணற்று வாடை முகத்தில் அறைந்தது. துணிக்கொடிக்குக் கீழே குழந்தை நின்றிருந்தாள், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. கொடியில் தொங்கிய போர்வை மட்டும், ஏதோ ஒன்றின் முதுகில் கிடப்பதுபோல் உப்பி, மெதுவாக ஏறி இறங்கியது.

அவன் கூப்பிட்டான். கத்தினான். குரல் உடைந்து, மூச்சு உள்ளே போகாமல், மறுபடி மறுபடி. போர்வை திரும்பவே இல்லை. பின்னால் மேவிஸ் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவன் கால்கள் வாசற்படியோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

ஹேசல் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். விரல்கள் ஒவ்வொன்றாக, நாக்குப் பட்டதுபோல், நனைந்தன. ஈரம் மணிக்கட்டுக்கு ஏறி, கம்பளிச் சட்டைக் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு முழங்கைக்கு வந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"கூசுதுப்பா," என்றாள்.

அவள் தொப்பி கழன்று தரையில் விழுந்தது. காதோரத்து மயிர் மெல்லப் படிந்து, நனைந்து, பின்னுக்குப் போனது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை அதற்கு இன்னும் கொஞ்சம் வாகாகத் திருப்பிக் கொடுத்தாள்.